வந்தான், வந்தாள், வந்தார்

நுழையும்முன்

ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடனே அவர் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும் மொழிகளுள் தமிழும் ஒன்று. அவ்வாறு சொல்லப்படும் பால் அவருக்குப் பொருந்தாதபோது பேசுகிறவரின் கடமை என்ன? அவரைக் கட்டாயப்படுத்த எவருக்கேனும் உரிமை உண்டா? உலகின் பல நீதிமன்றங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் எழுந்துள்ள இவ்வினாவைத் தமிழ் இலக்கண மரபின் துணையோடும் இந்திய அரசமைப்பின் துணையோடும் ஆராய்கிறது இக்கட்டுரை.

கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வகுப்பறைக்குள் வருகிறார். அச்செய்தியை அருகிலிருப்பவருக்குச் சொல்லவேண்டும். 'வந்தான்' என்றால் வந்தவர் ஆண். 'வந்தாள்' என்றால் பெண். பெயரைச் சொல்லாமல் விடலாம், எழுவாயையே மறைத்துவிடலாம், ஆனால், வினைமுற்றின் இறுதியில் நிற்கும் விகுதியை மறைக்க இயலாது. ஆங்கிலத்தில் வினைச்சொல் பால் காட்டுவதில்லை. அம்மொழி பேசுவோர் சுட்டுப்பெயரைத் தவிர்த்து, ஆளின் பெயரையே மீண்டும் மீண்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியும். தமிழரோ வாய் திறந்து ஒரு வினையை முடித்தாலே ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறார்கள்.

முன்னிலையில் மட்டும் சற்று இளைப்பாற இடமுண்டு. 'நீ', 'நீங்கள்' என்னும் சொற்களில் பால் இல்லை. ஆனால், தமிழர் வெறும் 'நீங்கள்' என்று பேசுவதோடு நிற்பவர் அல்லர். அண்ணா, அக்கா, தம்பி, அம்மா என்று உறவு சொல்லி விளிப்பவர். நகரப் பேருந்தை எண்ணிப் பார்க்கலாம். பெண்களுக்கு வழங்கப்பட்ட கட்டணமில்லாப் பயணத்தைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் திருநங்கையருக்கும் விரிவாக்கியது. பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் அந்தக் கணத்தில் நடத்துநர் "எங்கேம்மா இறங்கணும்?" என்று கேட்கிறாரா, "எங்கேப்பா?" என்று கேட்கிறாரா என்பதில் அரசாணையால் தரமுடியாத ஒன்று அடங்கியிருக்கிறது. சீட்டு ஒன்றேதான். அதை வாங்கிக்கொண்டு இருக்கையை நோக்கி நடப்பவரின் முகம் இரண்டு கேள்விகளுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இலக்கணிகள் கண்டது

பாலினம் பற்றிய இவ்வுரையாடலை மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய சரக்கு என்று கருதுவோர் பலர். அவர்கள் தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். உயர்திணைக்குரிய பாகுபாட்டைச் சொல்லத் தொடங்கிய சில நூற்பாக்களுக்குள்ளேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் எந்த விகுதியைக் கொண்டு முடியவேண்டும் என்னும் வினாவைத் தொல்காப்பியர் எதிர்கொள்கிறார். அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறார். தெய்வங்களைக் குறிக்கும் பெயர்களுக்கும் இதே நிலைதான் என்று இருவரையும் ஒரே நூற்பாவில் சேர்த்துச் சொல்கிறார். இரண்டும் உயர்திணை விகுதிகளைப் பெற்றே நடக்கும் என்பது அவர் முடிவு. பிறகு தனியே ஒரு நூற்பா அமைத்து, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு ஆண்பால் விகுதி பொருந்தாது என்று விலக்குகிறார். உரையாசிரியர்கள் 'பேடி வந்தாள்' என்று எடுத்துக்காட்டுத் தருகின்றனர். இன்று திருநங்கை ஒருவரை 'வந்தான்' என்று வலிந்து சொல்வோர், தம்மை மரபின் காவலராகக் கருதிக்கொண்டாலும், தமிழின் மிகப் பழைய இலக்கணத்துக்கு மாறாகவே பேசுகின்றனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அவர் வகுத்த விதி. இதில் ஊன்றிக் காணவேண்டிய சொல் 'அவாவுதல்'. பிறந்தபோது பிறர் கண்ட உடலை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அந்த மனிதர் எதை விழைகிறாரோ அதையே விகுதிக்கு அடிப்படையாக்கினார். பாலினத்தைத் தாமே உணர்ந்து உரைக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தீர்ப்பளித்தபோது, அத்தீர்ப்பு பலருக்குப் புதுமையாகத் தோன்றியது. நன்னூல் படித்தவருக்கு அது முற்றிலும் புதிதாக இருந்திருக்காது.

ஆனால், மரபைப் புகழ்வதற்காக அதன் குறையை மறைப்பது நேர்மையாகாது. அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு வகையினரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என்றும் பவணந்தியார் சேர்த்துவிட்டார். அவர் காலத்து வழக்கை அவர் பதிவு செய்திருக்கலாம். அந்த வழக்கு இன்னும் சாகவில்லை. "அது வருது பார்" என்று தெருமுனையில் நின்று சொல்லிச் சிரிக்கும் இளைஞர் கூட்டம் நன்னூலைப் படித்ததில்லை. ஆயினும், எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு புறக்கணிப்பை அந்த ஒற்றைச் சொல்லில் தொடர்கிறது. மனிதரை உயர்திணையிலிருந்தே இறக்கிவிடும் சொல் அது.

நன்னூலின் மற்றொரு நூற்பா இங்கு இன்னும் ஆழமாகப் பயன்படும். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அதை வழுவென்று தள்ளாமல் ஏற்கவேண்டும் என்பது அதன் கருத்து. மகிழ்ச்சியால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழுவமைதி என்று வகுப்பறையில் படிக்கிறோம். மதிப்பெண் பெற அந்த ஓர் எடுத்துக்காட்டே போதும் என்பதால், பட்டியலின் பிற்பகுதி கவனத்துக்கு வருவதில்லை. செறலும் இழிப்பும், அதாவது சினமும் இகழ்ச்சியும், பாலை மாற்றிச் சொல்லத் தூண்டும் என்பதை இலக்கணமே அறிந்திருக்கிறது. ஆண்மகன் ஒருவனை இகழ்வதற்குப் பெண்பாற் சொல்லை எறிவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே? அப்படியானால், ஒருவரின் பாலை மாற்றிக் கூறுவது எப்போதும் வெறும் தகவல் அன்று. 'நான் கண்டதைச் சொன்னேன். உண்மையைச் சொன்னேன்' என்னும் வாதம் சில இடங்களில் பொருந்தலாம். சொன்னவரின் குரலில் செறலும் இழிப்பும் இருக்கும்போது அவ்வாதம் பொருந்தாது.

'அவர்' வந்த வழி

'வந்தார்' என்னும் மூன்றாவது சொல்லே பலருக்கும் புகலிடமாக இருக்கிறது. உண்மையில் அது பலர்பால் வினைமுற்று. ஒருவரைப் பன்மையால் கூறுவது உயர்வு கருதி வழக்கில் வந்ததே தவிர, இலக்கண முறையால் அமைந்தது அன்று என்று தொல்காப்பியர் குறித்திருக்கிறார். இலக்கணம் அனுமதிக்காததை மரியாதை நடத்திக்காட்டியது. இலக்கணம் பின்னால் வந்து அதை ஏற்றுக்கொண்டது. 'ஒருவர்' என்னும் சொல் இன்னும் விந்தையானது. எண்ணால் ஒருமை, ஏற்கும் முடிபு பன்மை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆங்கிலம் பேசுவோர் தம் பன்மைச் சுட்டுப்பெயரை ஒருவருக்கு வழங்கலாமா என்று இன்றளவும் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர். அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம்-வெப்ஸ்டர் அச்சொல்லை 2019ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. சுவீடன் நாட்டவர் இருபாற்கும் பொதுவான 'ஹென்' என்னும் புதுச்சொல்லைத் தம் அகாதெமியின் சொற்பட்டியலில் 2015இல் சேர்த்தனர். தமிழுக்கு இவ்வளவு பாடு தேவைப்படவில்லை.

ஆனால், 'அவர்' எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் மருந்தன்று. தோழியர் நால்வருள் மூவரை 'அவள்' என்று உரிமையோடு பேசிவிட்டு, நான்காமவராகிய திருநங்கையை மட்டும் 'அவர்' என்று சொன்னால், அந்த மரியாதை ஒரு வேலியாகிவிடும். எல்லாரும் உண்ணும் பந்தியில் ஒருவருக்கு மட்டும் தனி இலை போட்டு உபசரிப்பது போன்றது அது. திருநங்கையர் பலர் விரும்புவது உயர்த்திச் சொல்லும் பன்மையை அன்று. தம் வயதுப் பெண்கள் கேட்கும் அதே 'அக்கா'வை, அதே 'வாடி'யை. எந்தச் சொல் மரியாதை என்பதை அதைப் பெறுகிறவரிடம் கேட்டுத்தான் அறியவேண்டியிருக்கிறது. கேட்பதற்கு ஒரு நொடி ஆகும்.

சாதியின் இலக்கணம்

சொல்லை மாற்றிக்கொள்ளச் சொல்வது உரிமையில் தலையிடுவதாகும் என்னும் எதிர்ப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இங்கு அது வேறொரு பெயரில் ஏற்கெனவே நடந்து முடிந்தது. முற்றும் முடிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. நிலவுடைமையாளர் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன், தன் தாத்தாவின் வயதுடைய பண்ணையாளை 'வாடா' என்று அழைத்த காலம் உண்டு. அழைத்தவனுக்கு அது வழக்கம். அழைக்கப்பட்டவருக்கு அது ஒவ்வொரு நாளும் பெற்ற அடி. 'வந்தான்' என்னும் விகுதி அப்போது பாலை மட்டும் காட்டவில்லை, சாதியையும் காட்டியது. 'வாங்க' என்று சொல்ல வேண்டியிருப்பதைத் தம் நாவுரிமைக்கு நேர்ந்த இழப்பாகக் கருதியவர்கள் அக்காலத்தில் குறைவல்லர். எங்கள் ஊர் வழக்கம், எங்கள் பழக்கம், இதில் வெளியார்க்கு என்ன வேலை என்றே அவர்களும் கேட்டனர்.

அந்த விகுதி மாறியதற்குச் சட்டம் ஒரு பகுதிக் காரணம்தான். பள்ளிக்கூடமும் பேருந்தும் தேநீர்க் கடையும் இயக்கங்களும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்க மறுத்த மனிதர்களின் பிடிவாதமும் சேர்ந்து அதை மாற்றின. நாவுரிமை இதனால் குறைந்துபோனதாக இன்று எவரும் வருந்துவதில்லை. சுட்டுப்பெயர் பற்றிய இன்றைய வழக்கை எடைபோடும்போது இந்த அனுபவத்தை ஒதுக்கிவைக்க முடியாது.

மறுப்போர் பக்கம்

எனினும், மறுப்போர் கூறுவதைக் கேட்காமல் தள்ளிவிடுவதும் தவறு. அவர்களுள் வம்புக்கு நிற்போர் உண்டு. உண்மையான அச்சத்தோடு பேசுவோரும் உண்டு.

கனடாவில் பாலின அடையாளத்தையும் அதன் வெளிப்பாட்டையும் மனித உரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த சட்டம் 2017ஆம் ஆண்டு சூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, தொராண்டோ பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜோர்டன் பீட்டர்சன் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார். சிலவற்றைப் பேசாதே என்று அரசு தடுப்பது ஒருவகை. குறிப்பிட்ட சொல்லைப் பேசியே தீரவேண்டும் என்று கட்டளையிடுவது அதைவிடக் கொடியது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அச்சட்டம் எவரையும் எந்தச் சுட்டுப்பெயரையும் பேசும்படி கட்டாயப்படுத்தவில்லை என்று கனடா வழக்குரைஞர் கழகம் விளக்கம் அளித்தது. பேராசிரியர் அச்சட்டத்தை மிகைப்படுத்திப் படித்தார் என்றே சொல்லவேண்டும். ஆனால், அவர் சுட்டிய வேறுபாடு பொய்யன்று. தடுக்கப்பட்ட நாவுக்கு மௌனம் என்னும் ஒதுங்கிடமாவது மிஞ்சும். கட்டளையிடப்பட்ட நாவுக்கு அதுவும் இல்லை.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெய்யியல் பேராசிரியர் ஒருவர், தம்மைப் பெண்ணாக உணர்ந்த மாணவர் ஒருவரைப் பெண்பாற் சொல்லால் அழைக்க மறுத்தார். அது தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்றார். அம்மாணவரைக் குடும்பப் பெயரால் மட்டும் அழைக்க முன்வந்தார். பல்கலைக்கழகம் அவர்மீது நடவடிக்கை எடுத்தது. பேராசிரியரின் பேச்சுரிமை வழக்கைத் தொடர்ந்து நடத்த இடமுண்டு என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் நான்கு இலட்சம் டாலர் தந்து இணக்கம் செய்துகொண்டது. ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தின் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உடலின் பால் மாறாதது என்னும் கருத்தைக் கொண்டிருப்பது சட்டத்தின் காப்புக்கு உரியது என்றது. அக்காப்பைக் காட்டிப் பிறரின் பாலை மாற்றிக் கூறித் துன்புறுத்திவிட்டுத் தப்ப முடியாது என்றும் அதே தீர்ப்பில் சேர்த்துக்கொண்டது.

இந்தியாவிலும் இவ்வச்சத்துக்கு வேர் உண்டு. பேச்சுரிமையை அரசமைப்பின் 19ஆம் உறுப்பு வழங்குகிறது. அதற்கு வரம்பிடத்தக்க காரணங்களையும் அவ்வுறுப்பே எண்ணிச் சொல்கிறது. பிறர் மனம் புண்படுவது என்பது அவற்றுள் ஒன்றாக இல்லை. எரிச்சலூட்டும் செய்தியை இணையவழி அனுப்பியோரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, 2015இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. எரிச்சல், இடையூறு போன்ற சொற்களுக்கு எல்லை கிடையாது. எல்லையற்ற சொல் காவலர் கையில் எதுவும் ஆகலாம். திருநரின் மாண்பைக் காக்க விரும்புவோர் இத்தீர்ப்பை மறந்துவிடலாகாது. வாய் தவறி 'வந்தான்' என்றுவிட்ட முதியவரையோ, பாலினம் பற்றி மாற்றுக் கருத்து எழுதும் கட்டுரையாளரையோ விலங்கிட்டு இழுத்துச் செல்லும் அரசு, நாளை அதே விலங்கோடு திருநங்கையின் வாசலுக்கும் வரும். காவல்துறையின் கையில் மிகுதியாகத் துன்புற்றோரின் வரிசையில் அவர்கள் எப்போதும் முன்னால் நின்றவர்கள் அல்லவா?

எழுந்து நின்ற பிள்ளைகள்

இச்சிக்கலுக்கு வழிகாட்டக்கூடிய வழக்கு ஒன்று இந்தியாவிலேயே உண்டு. அது பாலினம் பற்றியது அன்று. 1985ஆம் ஆண்டு கேரளப் பள்ளி ஒன்றில் பயின்ற உடன்பிறப்புகள் மூவர், காலை வணக்கக் கூட்டத்தில் நாட்டுப்பண் பாடவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த அவர்களுக்கு, இறைவனை அன்றிப் பிறிதொன்றைப் பாடுவது நம்பிக்கைக்கு மாறானது. பாடவில்லையே தவிர, மற்ற மாணவரோடு எழுந்து, அசையாமல், மரியாதையாக நின்றனர். பள்ளி அவர்களை நீக்கியது. உயர் நீதிமன்றமும் அவர்களுக்கு உதவவில்லை. 1986இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு அம்மூவரையும் மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது. பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுந்து நின்றதன்மூலம் அவர்கள் நாட்டுப்பண்ணை அவமதிக்கவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். பேச்சுரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பது அன்று இந்திய மண்ணில் உறுதியானது.

பிஜோ இம்மானுவேல் வழக்கு எனப்படும் இவ்வழக்கின் இரு பகுதிகளையும் சேர்த்தே காணவேண்டும். பாடாதிருக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால், அவர்கள் பிறர் பாடும்போது உட்கார்ந்திருக்கவில்லை, கூச்சலிடவில்லை, பாடுவோரை ஏளனம் செய்யவில்லை. நம்பிக்கையையும் விட்டுக்கொடுக்காமல், பிறரையும் புண்படுத்தாமல் நிற்பதற்கு ஓர் இடம் இருந்தது. அவ்விடத்தை அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்தனர்.

சுட்டுப்பெயர் வழக்கிலும் அவ்விடம் உண்டு. ஒருவரின் பாலினம் பற்றித் தமக்கு ஒப்புதல் இல்லை என்போர், அந்த ஒப்புதலின்மையை மனத்தில் வைத்திருக்கலாம். பொது அரங்கில் வாதமாகவும் முன்வைக்கலாம். எதிரில் நிற்கும் மனிதரின்மீது நாள்தோறும் அதை எறிந்துகொண்டிருக்கவேண்டும் என்று எந்த நம்பிக்கையும் கேட்பதில்லை. பெயர் சொல்லி அழைக்கலாம். 'நீங்கள்' என்னலாம். 'அவர்' என்னலாம். ஆனால், அது எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒகையோ பேராசிரியரின் ஏற்பாட்டில் இருந்த பழுது இதுதான்: மற்ற மாணவர் அனைவரையும் திரு, செல்வி என்று அடைமொழியோடு அழைத்துவிட்டு, ஒருவரை மட்டும் வெறும் குடும்பப் பெயரால் அழைக்க அவர் விரும்பினார். எல்லா அடைமொழிகளையும் நீக்கியிருந்தால் அவருடைய நம்பிக்கைக்கும் குறைவில்லை. மாணவரின் மதிப்புக்கும் குறைவில்லை. வழக்கில் அவர் பெற்றது வெற்றியாக இருக்கலாம். வகுப்பறையில் அவர் செய்தது எழுந்து நின்ற பிள்ளைகளின் செயலுக்கு ஈடாகாது.

பேசுவோரின் இடமும் கணக்கில் கொள்ளப்படவேண்டும். தெருவில் செல்வோர் ஒருமுறை சொல்வதும், மருத்துவமனைச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் ஊழியர் சொல்வதும் ஒன்றல்ல. ஆசிரியர், மருத்துவர், காவலர், நீதிபதி ஆகியோர் பேசும்போது அவர்தம் பதவியும் சேர்ந்து பேசுகிறது. கேட்போருக்கு எழுந்து போகும் வசதி இல்லை. பதவியின் நாற்காலியில் இருந்துகொண்டு தனிமனிதரின் முழு நாவுரிமையையும் கோருவது நியாயமாகாது. 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், சொல்லாலும் உணர்வாலும் இழைக்கப்படும் வன்கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. தொடர்ந்து ஒருவரைக் குறிவைத்துத் துன்புறுத்துவதற்கு அப்பிரிவு பயன்படுமானால் முறை. ஒரு நாத்தவறுக்கும் ஒரு மாற்றுக் கருத்துக்கும் அதை நீட்டினால் முறையன்று.

பேச்சுரிமை ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உரிய சொத்தும் அன்று. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில், நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகியோர், உடையாலும் சொல்லாலும் நடையாலும் தம் பாலினத்தை வெளிப்படுத்துவதும் அதே 19ஆம் உறுப்பு காக்கும் கருத்து வெளிப்பாட்டுரிமையே என்றனர். 'நான் பெண்' என்று ஒரு திருநங்கை சொல்வதும் பேச்சுதான். அப்பேச்சைச் சொல்லவிடாமல் எத்தனை வீடுகள் கதவடைத்தன, எத்தனை பள்ளிகள் வெளியே அனுப்பின என்பதை நோக்கும்போது, பேச்சுரிமை இழந்தோர் யார் என்னும் கேள்வி வேறு முகம் காட்டுகிறது.

படிவமும் பதிவேடும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்னும் பிரிவு முதன்முறையாக இடம்பெற்றது. நாடு முழுவதும் 4,87,803 பேர் அதில் பதிவாயினர்; தமிழ்நாட்டில் 22,364 பேர். சொல்லத் துணிந்தோரின் கணக்கு மட்டுமே அது. கட்டம் இல்லாத படிவம் என்ன செய்யும் என்பதற்கு பிரித்திகா யாசினியின் வாழ்க்கை சான்று. சார் ஆய்வாளர் பணிக்கு அவர் விண்ணப்பித்தபோது ஆண், பெண் என்னும் இரு கட்டங்களுக்கு அப்பால் இடமில்லை, விண்ணப்பம் தள்ளப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் படிகளை மீண்டும் மீண்டும் ஏறி, 2015 நவம்பரில் அவர் வென்றார். பின்னர்த் தருமபுரி மாவட்டத்தில் சார் ஆய்வாளராகப் பொறுப்பேற்றார்.

அதே உயர் நீதிமன்றத்தில், 2021இல் நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்த வழக்கு வேறு வகையில் குறிப்பிடத்தக்கது. தமக்கு இப்பொருளில் தெளிவு போதாது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அவர், தீர்ப்புக்கு முன் உளவியல் வல்லுநரிடம் சென்று கற்றுக்கொண்டார். நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்தவர் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொன்னது அரிய நிகழ்ச்சி. அவ்வழக்கின் தொடர்ச்சியாக, திருநரையும் பிற பாலினச் சிறுபான்மையினரையும் குறிக்கத் தக்க சொற்களின் பட்டியலை 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. செய்தித்தாள்கள் பல இன்னும் அதை எட்டிப் பார்க்கவில்லை போலும். குற்றச் செய்தி என்றால் பழைய சொற்களே தலைப்பில் ஏறி அமர்ந்துகொள்கின்றன.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் ஒருவருக்கு இவையெல்லாம் தொலைவில் உள்ளவை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அடையாளச் சான்றிதழ் வேண்டுமானால், பெற்றோரோ காப்பாளரோதான் மாவட்ட நிருவாகத்திடம் விண்ணப்பிக்கவேண்டும். வீட்டில் இன்னும் வாய் திறக்காத பிள்ளைக்கு அந்த வழி இல்லை. வருகைப் பதிவேட்டில் பழைய பெயரே இருக்கும்; தேர்வு நுழைவுச்சீட்டிலும் அதுவே அச்சாகி வரும். காலையில் ஆசிரியர் அப்பெயரைப் படிக்கும்போது, 'உள்ளேன் ஐயா' என்னும் குரல் சற்றுத் தாமதித்து எழும். பின்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துப் பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்லத் தொடங்குவார். வினையை அவர் எந்த விகுதியில் முடிக்கிறார் என்பதைக் கேட்க, அந்தப் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும்.